லாக்குக்காக நிற்கும் த்ரெட்: உள்ளே நடப்பது என்ன?

பில்லிங் சர்வர் ஒன்றில் ஒரு பொருளின் இருப்பு 10. பில்-1, பில்-2 என்று இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) அதே பொருளை ஒரே நேரத்தில் விற்கின்றன. இருப்பிலிருந்து ஒன்றைக் கழிப்பது ஜாவாவில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலை இருக்கிறது: மெமரியிலிருந்து எண்ணை எடுக்க வேண்டும், ஒன்றைக் கழிக்க வேண்டும், திரும்ப எழுத வேண்டும். பில்-1 பத்தை எடுத்து ஒன்பதை எழுதி முடிப்பதற்குள் பில்-2-வும் பத்தையே எடுத்துவிட்டால், இரண்டும் எழுதுவது ஒன்பதுதான். கடையிலிருந்து போனது இரண்டு, கணக்கில் குறைந்தது ஒன்று.

இதைத் தடுக்கத்தான் லாக். மூன்று வேலையும் முடியும்வரை ஒரு த்ரெட் மட்டும் உள்ளே இருக்கும், மற்றவை வெளியே நிற்கும். இவ்வளவும் எல்லாப் பாடங்களிலும் வந்துவிடுகிறது. வெளியே நிற்கிற பில்-2 அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, யார் அதை எழுப்புவார்கள், எழுந்ததும் லாக் அதன் கைக்கு வந்துவிடுமா என்ற கேள்விகளைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சர்வர் அசையாமல் நின்றுவிடும் நாளில் தேவைப்படுவது இந்த விவரம்தான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும்: ஜாவாவில் ஒரு த்ரெட்டை எழுப்புவது வேறு, அதற்கு லாக் கிடைப்பது வேறு. இடையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

எந்த ஆப்ஜெக்ட்டின் லாக்?

ஜாவாவில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் லாக்காகப் பயன்படுத்தலாம். அதற்குரிய அமைப்பை மானிட்டர் என்கிறோம். லாக் போடுவதற்கான சிங்க்ரனைஸ்டு என்ற ஜாவா சொல்லை எழுதும்போது ஏதோ ஓர் ஆப்ஜெக்ட்டின் மானிட்டரைத்தான் பிடிக்கிறோம். எது என்பது எழுதும் இடத்தைப் பொறுத்தது. சாதாரண மெத்தடின் முன்னால் எழுதினால் அந்த மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டின் மேல் அழைக்கப்படுகிறதோ அது, அதாவது திஸ். ஸ்டாட்டிக் மெத்தடின் முன்னால் எழுதினால் அந்த கிளாஸைக் குறிக்கும் கிளாஸ் ஆப்ஜெக்ட். பிளாக்காக எழுதினால் அடைப்புக்குறிக்குள் நாம் கொடுக்கிற ஆப்ஜெக்ட்.

ஆகவே ஒரே கிளாஸில் ஒரு சாதாரண மெத்தடும் ஒரு ஸ்டாட்டிக் மெத்தடும் சிங்க்ரனைஸ்டாக இருந்தாலும், அவை ஒன்றையொன்று தடுக்காது. பிடிக்கும் மானிட்டர்கள் வேறு. "லாக் போட்டும் கணக்கு தப்பாக வருகிறது" என்கிற புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். அல்லது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி அதில் லாக் போட்டிருப்பார்கள். ஆளுக்கொரு லாக் இருந்தால் யாரும் யாருக்காகவும் நிற்கப் போவதில்லை.

லாக்குக்கென்றே ஓர் ஆப்ஜெக்ட்டை பிரைவேட்டாகவும் ஃபைனலாகவும் அறிவித்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபைனல் இல்லாவிட்டால் இடையில் யாராவது அந்த வேரியபிளில் வேறு ஆப்ஜெக்ட்டை வைத்துவிடலாம்; பழையதைப் பிடித்தவரும் புதியதைப் பிடித்தவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். ஸ்ட்ரிங்கையோ இன்டிஜரையோ லாக்காக வைக்கவே கூடாது. ஒரே எழுத்துகள் கொண்ட ஸ்ட்ரிங் லிட்டரல்கள் ஜேவிஎம்முக்குள் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) ஒரே ஆப்ஜெக்ட்தான். இன்டிஜரிலும் -128 முதல் 127 வரையிலான எண்கள் கேஷிலிருந்து பகிரப்படுகின்றன. சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு லைப்ரரி அதே ஆப்ஜெக்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்கள் த்ரெட் ஏன் நிற்கிறது என்று தேடியே நாள் போய்விடும். இன்டிஜர் போன்ற கிளாஸ்களில் சிங்க்ரனைஸ்டு எழுதினால் ஜாவாவின் மென்பொருள் தொகுப்பான ஜேடிகேயின் 16-ஆம் வெர்ஷனிலிருந்து கம்பைலரே எச்சரிக்கிறது.

லாக்கை ஏற்கெனவே வைத்திருக்கும் த்ரெட் அதே லாக்கை மறுபடி கேட்டால் நிற்க வேண்டியதில்லை. உள்ளே நுழைந்த எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவுதான். எத்தனை முறை நுழைந்ததோ அத்தனை முறை வெளியே வந்த பிறகே லாக் விடுபடும்.

வாசலில் நிற்பது

பில்-1 உள்ளே இருக்கிறது. பில்-2 அதே சிங்க்ரனைஸ்டு பிளாக்கின் வாசலுக்கு வருகிறது. பெரும்பாலோர் பயன்படுத்தும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில் அடுத்து என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தலைப்பகுதியிலும் மார்க் வேர்டு என்று ஒன்று உண்டு. 64 பிட் ஜேவிஎம்மில் அது 64 பிட் நீளம். அதன் கடைசி இரண்டு பிட்களே லாக்கின் நிலையைச் சொல்கின்றன. யாரும் பிடிக்கவில்லை என்றால் 01. போட்டியில்லாமல் ஒரு த்ரெட் பிடித்திருந்தால் 00. போட்டி வந்து முழு மானிட்டராக மாறியிருந்தால் 10. லாக்கைப் பிடிப்பது என்பது இந்த பிட்களை மாற்றுவது. "01 ஆக இருந்தால் மட்டும் 00 ஆக்கு" என்கிற இந்த வேலையை சிபியு இடையில் யாரும் புகமுடியாதபடி ஒரே மூச்சில் செய்துவிடும். இதற்குப் பெயர் கம்பேர் அண்ட் ஸ்வாப். போட்டி இல்லாதபோது லாக் என்பது இந்த ஒரு கட்டளைதான். ஓஎஸ்ஸுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. "சிங்க்ரனைஸ்டு மெதுவானது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பல வெர்ஷன் பின்னால் இருக்கிறார்கள்.

பழைய பாடங்களில் பயஸ்டு லாக்கிங் என்று ஒரு பகுதி வரும்; ஒரே த்ரெட் திரும்பத் திரும்பப் பிடிக்கும் லாக்கை மலிவாக்கும் உத்தி அது. ஜேடிகே 15-ல் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது, 18-ல் செயலற்றதாக்கப்பட்டது. இன்று புதிதாகக் கற்பவர் அதைப் படிக்காமல் விடலாம்.

பில்-2-வின் முயற்சி தோற்கிறது, ஏனென்றால் பில்-1 உள்ளே இருக்கிறது. அந்த இடத்தில் ஜேவிஎம் அந்த ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு முழு மானிட்டரை ஒதுக்குகிறது. அதில் யார் வைத்திருக்கிறார், எத்தனை முறை நுழைந்தார், வாசலில் யார் யார் நிற்கிறார்கள் என்கிற விவரங்கள் இருக்கும். பில்-2 உடனே தூங்கிவிடாது. முதலில் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி முயன்றுபார்க்கும். இதை ஸ்பின் என்கிறார்கள். த்ரெட்டைத் தூங்கவைத்து எழுப்புவது செலவான காரியம் என்பதால், பில்-1 அடுத்த நொடித்துணுக்கில் வெளியே வந்துவிடக்கூடும் என்ற நம்பிக்கையில் சிபியுவைக் கொஞ்சம் வீணாக்குவதே லாபம். எவ்வளவு நேரம் சுற்றுவது என்பதை இதற்கு முன் அந்த லாக்கில் சுற்றியது பலன் தந்ததா என்று பார்த்து ஜேவிஎம்மே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அதற்கும் கிடைக்கவில்லை என்றால் பில்-2 மானிட்டரின் வாசல் வரிசையில் தன்னைச் சேர்த்துக்கொண்டு தூங்கிவிடும். ஓஎஸ் அதை சிபியுவிலிருந்து இறக்கிவிடும். இப்போது த்ரெட்டின் நிலை பிளாக்டு. இந்த நிலையில் அது சிபியுவைத் தொடுவதில்லை. எனவே சர்வர் நின்றுபோயிருக்கும்போது சிபியு பயன்பாடு ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடந்தால், முதல் சந்தேகம் லாக் மேல் விழ வேண்டும்.

பில்-1 வெளியே வருகிறது. லாக்கை முதலில் விடுவித்துவிட்டு, வரிசையிலிருந்து ஒரு த்ரெட்டைத் தேர்ந்தெடுத்து எழுப்புகிறது. அது பில்-2 என்று வைத்துக்கொள்வோம். லாக் பில்-2-வின் கையில் கொடுக்கப்படுவதில்லை. "எழுந்து முயன்றுபார்" என்ற அழைப்பு மட்டுமே போகிறது. பில்-2 ஓஎஸ்ஸின் கணக்கில் ஓடத் தயாராகி, ஒரு கோர் கிடைத்து, மறுபடி ஓடத் தொடங்கப் பல மைக்ரோ செகண்ட் ஆகும். அதற்குள் வேறொரு கோரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பில்-3 வாசலுக்கு வருகிறது, லாக் காலியாக இருப்பதைப் பார்க்கிறது, எடுத்துக்கொண்டு உள்ளே போகிறது. பில்-2 எழுந்து வந்து பார்த்தால் லாக் இல்லை. மறுபடி கொஞ்சம் சுற்றிவிட்டு, மறுபடி தூக்கம்.

இது அநியாயமாகத் தெரியும். ஆனால் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். பில்-2 எழுந்து வரும்வரை லாக்கை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால், அந்த மைக்ரோ செகண்ட்கள் முழுக்க லாக் சும்மா கிடக்கும். உள்ளே செய்யும் வேலையே ஒரு மைக்ரோ செகண்டுதான் என்றால், வேலையைவிடக் கைமாறும் நேரம் பல மடங்கு ஆகிவிடும். இடையில் புகுந்தவரை அனுமதித்தால், பில்-2 எழுந்து வருவதற்குள் பில்-3 வேலையை முடித்தே போயிருக்கலாம், இருவருக்கும் நஷ்டமில்லை.

இதிலிருந்து வரும் விளைவை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் என்று சிங்க்ரனைஸ்டு எந்த உறுதியும் தருவதில்லை. ஜாவா மொழியின் வரையறையிலும் அப்படி ஒரு வரிசை சொல்லப்படவில்லை. த்ரெட்டின் பிரையாரிட்டியை உயர்த்தினாலும் லாக் முன்னதாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உங்கள் மெஷினில் ஐந்து த்ரெட்களை ஓட்டிப் பார்த்து வரிசையாக வந்தது என்பதை வைத்து எதையும் கட்டாதீர்கள். ஜேவிஎம் வெர்ஷன் மாறினால் அந்த வரிசையும் மாறலாம்.

வாசலில் பிளாக்டாக நிற்கும் த்ரெட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. இன்டரப்ட் (நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை) கொடுத்தால் அது வந்ததற்கான அடையாளக் கொடி மட்டும் ஏறும், த்ரெட் அசையாது. "இரண்டு செகண்டுக்கு மேல் நிற்காதே" என்று சொல்லவும் வழியில்லை. சிங்க்ரனைஸ்டின் வாசலில் நின்றால் லாக் கிடைக்கும்வரை நின்றே ஆக வேண்டும்.

உள்ளே போய்க் காத்திருப்பது

இப்போது வேறு ஒரு தேவை. இருப்பு பூஜ்யம், சரக்கு வரும்வரை பில்-2 காத்திருக்க வேண்டும். லாக் அதன் கையில்தான் இருக்கிறது, ஆனால் நிபந்தனை நிறைவேறவில்லை. லாக்கைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தால் சரக்கை ஏற்றும் த்ரெட் உள்ளே வரவே முடியாது. இதற்குத்தான் வெயிட் மெத்தட்.

வெயிட்டை அழைத்தால் மூன்று விஷயம் நடக்கிறது: த்ரெட் லாக்கை விடுகிறது, மானிட்டரின் இன்னொரு பட்டியலில் சேர்கிறது, தூங்குகிறது. இந்தப் பட்டியலின் பெயர் வெயிட் செட். வாசல் வரிசையும் இதுவும் வேறு வேறு. நிலையும் வேறு: வெயிட்டிங். நேர வரம்பு கொடுத்திருந்தால் டைம்டு வெயிட்டிங். லாக் கையில் இல்லாமல் வெயிட்டை அழைத்தால் இல்லீகல்-மானிட்டர்-ஸ்டேட் எக்ஸெப்ஷன் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெயிட் விடுவது அந்த ஒரு மானிட்டரை மட்டும்தான். அந்த த்ரெட் வேறு லாக்குகளையும் பிடித்திருந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கும். ஸ்லீப் மெத்தடோ எதையுமே விடாது. லாக்குக்குள் ஸ்லீப் போட்டு வைத்திருக்கும் புரோகிராமைப் பார்த்தால் காரணம் கேளுங்கள். நல்ல காரணம் கிடைப்பது அபூர்வம்.

சரக்கு ஏற்றிய த்ரெட் நோட்டிஃபை அழைக்கிறது. உடனே பில்-2 ஓடத் தொடங்கிவிடும் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. நோட்டிஃபை லாக்கை விடுவதில்லை. அழைத்த த்ரெட் தன் சிங்க்ரனைஸ்டு பிளாக்கை முடித்து வெளியே வந்தால்தான் லாக் காலியாகும். நோட்டிஃபை செய்வதெல்லாம் பில்-2-வை வெயிட் செட்டிலிருந்து எடுத்து வாசலுக்கு அனுப்புவது. வெயிட்டிங்கில் இருந்தது பிளாக்டு ஆகிறது. பிறகு மற்ற எல்லோருடனும் போட்டி போட்டு லாக்கைப் பிடித்தால்தான் வெயிட் மெத்தடிலிருந்து திரும்பி வர முடியும்.

அந்தப் போட்டியில் பில்-3 முந்திக்கொண்டு வந்த ஒரே பொருளையும் விற்றுவிட்டால்? பில்-2 உள்ளே வரும்போது இருப்பு மறுபடி பூஜ்யம். எனவேதான் வெயிட்டை எப்போதும் வைல் லூப்புக்குள் எழுதச் சொல்கிறார்கள்: இருப்பு பூஜ்யமாக இருக்கும்வரை வெயிட். இஃப் எழுதினால் இருப்பு மைனஸில் போகும். யாரும் நோட்டிஃபை செய்யாமலே த்ரெட் விழித்துக்கொள்வதையும் ஜாவாவின் விதிகள் அனுமதிக்கின்றன; அதற்கும் வைல்தான் மருந்து.

ஒரே வெயிட் செட்டில் வெவ்வேறு நிபந்தனைகளுக்காகப் பல த்ரெட்கள் நின்றால் நோட்டிஃபை ஆபத்தானது. அது எழுப்புவது ஏதோ ஒன்றை. தவறான ஒன்று எழுந்து, தன் நிபந்தனை சரியில்லை என்று மறுபடி தூங்கிவிட்டால், அழைப்பு அதோடு வீணாகிவிடும். நோட்டிஃபை-ஆல் போட்டால் எல்லோரும் எழுவார்கள், செலவு கூடும், ஆனால் தவறாது. யோசித்துத் தெளிவாகும்வரை நோட்டிஃபை-ஆல் பக்கம் இருப்பதே நல்லது.

ரீஎன்ட்ரன்ட்லாக்

2004-ல் வந்த ஜாவா 5, பல த்ரெட்களைக் கையாள உதவும் கிளாஸ்கள் அடங்கிய கன்கரன்ட் பேக்கேஜைக் கொண்டுவந்தது. டக் லீ தலைமையில் உருவான பணி அது. ரீஎன்ட்ரன்ட்லாக் அதில் ஒன்று. சிங்க்ரனைஸ்டு ஜேவிஎம்மின் உள்ளே சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது என்றால், இது ஜாவாவிலேயே எழுதப்பட்ட லாக். விரும்பினால் திறந்து படிக்கலாம்.

இதன் இதயம் ஏக்யூஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு கிளாஸ்: அப்ஸ்ட்ராக்ட்-க்யூட்-சிங்க்ரனைசர். உள்ளே ஸ்டேட் என்று ஓர் இன்ட். பூஜ்யம் என்றால் லாக் காலி. ஒன்று என்றால் யாரோ வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பவரே மறுபடி நுழைந்தால் இரண்டு, மூன்று என்று ஏறும். உச்ச வரம்பு 2147483647. கூடவே ஒரு க்யூ. நிற்கும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு நோடு; ஒவ்வொரு நோடும் தனக்கு முன்னால் நிற்பதை நோக்கிக் கைகாட்டும். க்ரெய்க், லாண்டின், ஹாகர்ஸ்டன் ஆகிய மூவரின் பெயரால் அழைக்கப்படும் சிஎல்எச் க்யூவின் ஒரு வடிவம் இது.

பில்-2 லாக் மெத்தடை அழைத்தால் முதலில் ஸ்டேட்டைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்ற முயலும். முடியாவிட்டால் க்யூவின் கடைசியில் சேர்ந்து, பார்க் செய்துகொள்ளும். லாக்சப்போர்ட் கிளாஸின் பார்க் மெத்தட்தான் இங்கே த்ரெட்டைத் தூங்கவைக்கிறது. பில்-1 அன்லாக் செய்யும்போது ஸ்டேட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, க்யூவின் முன்னால் நிற்பதை அன்பார்க் செய்யும். எழுந்தது மறுபடி ஸ்டேட்டை மாற்ற முயலும். இங்கேயும் அதே கதை: எழுவதற்குள் புதிதாக வந்தவர் பறித்துக்கொள்ளலாம். ஆனால் க்யூவுக்குள் நிற்பவர்களிடையே வரிசை தப்பாது. வெளியிலிருந்து வருபவர் மட்டுமே முந்த முடியும்.

ஒரு நுணுக்கம். பில்-2 பார்க் செய்யப் போகும் அந்த இடைவெளியில், அது தூங்குவதற்கு முன்பே பில்-1 அன்பார்க் செய்துவிட்டால் என்ன ஆகும்? அழைப்பு காற்றில் போய், பில்-2 எழுப்ப ஆளில்லாமல் தூங்கிவிடாதா? ஆகாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரே ஒரு பெர்மிட் உண்டு. அன்பார்க் அந்தப் பெர்மிட்டை வைத்துவிடும். பின்னால் வரும் பார்க் அதைப் பார்த்து, எடுத்துக்கொண்டு, தூங்காமலே திரும்பிவிடும். பெர்மிட் சேராது, பத்து முறை அன்பார்க் செய்தாலும் ஒன்றுதான்.

சிங்க்ரனைஸ்டில் இல்லாத மூன்று வசதி இதில் உண்டு. லாக்-இன்டரப்டிப்ளி என்று அழைத்தால், நிற்கும் த்ரெட்டை இன்டரப்ட் செய்து வெளியே இழுக்கலாம். ட்ரைலாக் என்றால் கிடைத்தால் எடுக்கும், இல்லையென்றால் நிற்காமல் பொய் என்று திரும்பும். ட்ரைலாக்குக்கு நேரம் கொடுத்தால் அவ்வளவு நேரம் மட்டும் நிற்கும்.

வசதிக்கு விலையும் உண்டு. சிங்க்ரனைஸ்டு பிளாக்கிலிருந்து எக்ஸெப்ஷனோடு வெளியே வந்தாலும் லாக் தானாக விடுபடும். ரீஎன்ட்ரன்ட்லாக்கில் நீங்கள்தான் விட வேண்டும். அன்லாக்கை ஃபைனலி பகுதியில் எழுதாமல், இடையில் ஓர் எக்ஸெப்ஷன் வந்தால் லாக் யாருக்கும் கிடைக்காமல் நிரந்தரமாகப் பூட்டியே கிடக்கும். லாக் அழைப்பை ட்ரைக்கு முந்தைய வரியில் வையுங்கள், ட்ரைக்கு உள்ளே வேண்டாம். உள்ளே வைத்து லாக் கிடைக்காமல் தோற்றால், பிடிக்காத லாக்கை ஃபைனலி விடப் பார்க்கும். அதனால் வரும் இல்லீகல்-மானிட்டர்-ஸ்டேட் எக்ஸெப்ஷன் உண்மையான காரணத்தை மறைத்துவிடும். ட்ரைலாக் தந்த பதிலைப் பார்க்காமலே உள்ளே போய்விடுவதும் இதே வகைத் தவறு. கையில் லாக் இல்லாமல் இருப்பை மாற்றுவீர்கள், கடைசியில் அன்லாக்கில் அடி விழும்.

வரிசையாகத்தான் வேண்டுமா?

ரீஎன்ட்ரன்ட்லாக்கை உருவாக்கும்போது ட்ரூ என்று கொடுத்தால் ஃபேர் லாக். புதிதாக வரும் த்ரெட், லாக் காலியாக இருந்தாலும், க்யூவில் தனக்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் பின்னால் போய் நிற்கும். ஏதும் கொடுக்காவிட்டால் ஃபேர் கிடையாது.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஃபேர் என்ற சொல்லே பிடித்துப்போய் எங்கும் ட்ரூ போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தூங்குகிறவரை எழுப்பியாக வேண்டும் என்பதால், போட்டி அதிகமுள்ள இடத்தில் மொத்த வேகம் கணிசமாக விழும். ஒரு த்ரெட் உண்மையிலேயே நீண்ட நேரம் பட்டினி கிடக்கிறது என்பதை அளந்து பார்த்த பிறகு மாற்றினால் போதும். இன்னொரு விஷயம்: ஃபேர் லாக்கிலும் நேரம் கொடுக்காத ட்ரைலாக் வரிசையை மதிக்காது, காலியாக இருந்தால் பாய்ந்து எடுத்துவிடும். வரிசையை மதிக்க வேண்டுமானால் பூஜ்ய செகண்ட் என்று நேரம் கொடுத்து ட்ரைலாக்கை அழைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கிறோம்

எந்த வகை லாக் என்பதைவிட உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதுதான் சர்வரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு எளியது. லாக்குக்குள் 5 மில்லி செகண்ட் ஆகிறது என்றால், ஒரு செகண்டில் 200 பேர்தான் அதைக் கடக்க முடியும். 64 கோர் இருந்தாலும் 200தான்.

செகண்டுக்கு 300 ரிக்வெஸ்ட் வந்தால் ஒவ்வொரு செகண்டும் 100 பேர் மிச்சமாகிறார்கள். டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் இயல்பான உச்ச வரம்பு 200 த்ரெட். இரண்டே செகண்டில் அத்தனையும் இந்த வாசலில் வந்து நின்றுவிடும். அதன்பிறகு இந்த லாக்குக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களும் திறக்காது, ஏனென்றால் அவற்றைக் கவனிக்க த்ரெட்டே மிச்சமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழு சர்வரும் செத்ததுபோல இருக்கும்.

5 மில்லி செகண்ட் எங்கிருந்து வருகிறது? இருப்பைக் கழிக்க அவ்வளவு ஆகாது. டேட்டாபேஸ் அழைப்பு, இன்னொரு சர்வருக்குப் போகும் ரிக்வெஸ்ட், ஃபைலில் எழுதுவது என்று எதையாவது லாக்குக்குள்ளே வைத்திருப்பார்கள். அதை வெளியே எடுத்தால், பெரும்பாலும் வேறு எதுவுமே செய்ய வேண்டியிருக்காது.

த்ரெட் டம்ப்பைப் படிப்பது

சர்வர் நின்றுவிட்டால் ஜேஸ்டாக் கட்டளையால் த்ரெட் டம்ப் எடுங்கள்; ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அது. ஐந்து, பத்து செகண்ட் இடைவெளியில் மூன்று எடுப்பது நல்லது. ஒன்று மட்டும் எடுத்தால் அது நிற்பதா, கடந்து போய்க்கொண்டிருப்பதா என்று தெரியாது.

சிங்க்ரனைஸ்டு வாசலில் நிற்கும் த்ரெட்டுக்குக் கீழே நிலை பிளாக்டு என்றும், அடுத்து "வெயிட்டிங் டு லாக்" என்று ஒரு முகவரியும் இருக்கும். அந்த முகவரியை அப்படியே டம்ப் முழுக்கத் தேடுங்கள். வேறொரு த்ரெட்டின் கீழே "லாக்டு" என்ற சொல்லோடு அதே முகவரி வரும். அவர்தான் வைத்திருப்பவர். நிற்கும் நூறு பேரைப் பார்த்துப் பயனில்லை. வைத்திருக்கும் அந்த ஒருவரின் ஸ்டாக்கில் (எந்தெந்த மெத்தடுக்குள் இருக்கிறது என்ற பட்டியல்) மேல் வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். சாக்கெட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது என்றால் கதை முடிந்தது: லாக்குக்குள் நெட்வொர்க் அழைப்பு.

பிளாக்டு என்று மட்டும் தேடுகிறவர்கள் பாதியைத் தவறவிடுவார்கள். ரீஎன்ட்ரன்ட்லாக்குக்காக நிற்கும் த்ரெட்டின் நிலை பிளாக்டு அல்ல, வெயிட்டிங். அதன் கீழே "பார்க்கிங் டு வெயிட் ஃபார்" என்று இருக்கும். குழப்பம் என்னவென்றால், வேலை இல்லாமல் சும்மா இருக்கும் த்ரெட் பூல் த்ரெட்களும் இதே நிலையில்தான் இருக்கும். பிரித்தறிய, எந்த கிளாஸுக்காகப் பார்க் ஆகியிருக்கிறது என்று அதே வரியில் பாருங்கள். நான்ஃபேர்சிங்க் அல்லது ஃபேர்சிங்க் என்றால் லாக்குக்காக நிற்கிறது. கண்டிஷன்-ஆப்ஜெக்ட் என்றால் பெரும்பாலும் அடுத்த வேலை வருவதற்காக நிற்கிறது. அது நோய் இல்லை.

ரீஎன்ட்ரன்ட்லாக்கை யார் வைத்திருக்கிறார் என்பது சாதாரண டம்ப்பில் வராது. ஜேஸ்டாக்குக்கு எல் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஒவ்வொரு த்ரெட்டின் அடியிலும் அது பிடித்திருக்கும் இவ்வகை லாக்குகளின் பட்டியல் வரும்.

சர்வர் நிற்கவில்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் டம்ப்பைவிட ஜேவிஎம்மின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் ஃப்ளைட் ரெக்கார்டர் உதவும். மானிட்டர் வாசலில் 20 மில்லி செகண்டுக்கு மேல் நின்ற ஒவ்வொரு நிகழ்வையும் இயல்பான அமைப்பிலேயே அது பதிவுசெய்கிறது.

டெட்லாக்

இரண்டு கிடங்குகளுக்கிடையே சரக்கு மாற்றுகிறோம். ஒரு த்ரெட் முதல் கிடங்கைப் பிடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்கிறது. இன்னொன்று இரண்டாவதைப் பிடித்துவிட்டு முதலாவதைக் கேட்கிறது. இருவரும் விடப்போவதில்லை. சிங்க்ரனைஸ்டு என்றால் ஜேவிஎம்மை நிறுத்தும்வரை இப்படியே கிடக்கும்.

ஜேஸ்டாக் இதைத் தானே கண்டுபிடித்து டம்ப்பின் கடைசியில் ஜாவா அளவில் டெட்லாக் இருக்கிறது என்று எழுதிவிடும். ரீஎன்ட்ரன்ட்லாக் டெட்லாக்கையும் அது கண்டுபிடிக்கும். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் த்ரெட்களை உள்ளே விடும் செமஃபோருக்கும், படிப்பவர்கள் பலரை ஒன்றாக அனுமதிக்கும் ரீட்-ரைட் லாக்கின் ரீட் பக்கத்துக்கும் "இவர்தான் வைத்திருக்கிறார்" என்ற பதிவு இல்லாததால், அவற்றில் சிக்கினால் அது மௌனமாக இருக்கும். கண்ணால்தான் தேட வேண்டும்.

தீர்வு, எல்லோரும் ஒரே வரிசையில் லாக் பிடிப்பது. கிடங்கு எண் சிறியதை முதலில், பெரியதை அடுத்து. சரக்கு எந்தத் திசையில் போனாலும் இதுதான் வரிசை. அப்படி வரிசைப்படுத்த வழியில்லாதபோது நேரம் கொடுத்த ட்ரைலாக்: இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதையும் விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி. அந்தப் பொறுக்கும் நேரம் இருவருக்கும் ஒரே அளவாக இருந்தால் இருவரும் ஒன்றாகவே விட்டு ஒன்றாகவே மோதுவார்கள். கொஞ்சம் ரேண்டமாக வையுங்கள்.

வெர்ச்சுவல் த்ரெட்டில் மாறியது

2023-ல் வந்த ஜேடிகே 21-ல் வெர்ச்சுவல் த்ரெட் முழுமையாகச் சேர்ந்தது. இவை ஓஎஸ் த்ரெட் அல்ல. இயல்பாக கோர் எண்ணிக்கை அளவுக்கே உள்ள கேரியர் த்ரெட்களின் மேல் ஏறி ஓடும். காத்திருக்க நேர்ந்தால் இறங்கிவிடும், கேரியர் அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். ரீஎன்ட்ரன்ட்லாக்குக்காக நின்றால் இப்படி அழகாக இறங்கிவிடும். சிங்க்ரனைஸ்டில் சிக்கல் இருந்தது: அந்த பிளாக்கின் உள்ளே இருக்கும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருந்தாலும், அதன் வாசலில் நின்றாலும், கேரியரை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். இதற்குப் பின்னிங் என்று பெயர். எட்டு கோர் மெஷினில் எட்டு வெர்ச்சுவல் த்ரெட் இப்படி மாட்டினாலே மீதி ஆயிரக்கணக்கானவை ஓட இடமின்றி நிற்கக்கூடும். அதனால்தான் அப்போது பல லைப்ரரிகள் சிங்க்ரனைஸ்டை எடுத்துவிட்டு ரீஎன்ட்ரன்ட்லாக்குக்கு மாறின.

2025 மார்ச்சில் வந்த ஜேடிகே 24 இதைச் சரிசெய்துவிட்டது. இப்போது சிங்க்ரனைஸ்டிலும் வெர்ச்சுவல் த்ரெட் இறங்கிவிடும்; நேட்டிவ் கோடுக்குள் (சி போன்ற வேறு மொழியில் எழுதியது) இருக்கும்போது, கிளாஸ் லோடு அல்லது இனிஷியலைஸ் ஆகும்போது போன்ற அரிதான சில இடங்களில் மட்டும் பின்னிங் மிச்சமிருக்கிறது. 24 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காக சிங்க்ரனைஸ்டை மாற்றி எழுத வேண்டியதில்லை. 21-லேயே இருப்பவர்கள், லாக்குக்குள் நெட்வொர்க்கோ டேட்டாபேஸோ இருக்கும் இடங்களை மட்டும் தேடி மாற்றினால் போதும்.

டம்ப் எடுக்கும் முறையும் இங்கே மாறுகிறது. ஜேஸ்டாக் வெர்ச்சுவல் த்ரெட்களின் பட்டியலைத் தராது. ஜேசிஎம்டி கட்டளையில் த்ரெட் டம்ப்பை ஃபைலில் எழுதும் தனி வசதி இருக்கிறது, ஜேசன் வடிவிலும் கிடைக்கும். ஆனால் ஜேடிகே 21-ல் அந்த ஃபைலில் லாக் முகவரிகள் வராது. யார் எதற்காக நிற்கிறார் என்பதை ஸ்டாக்கின் வரிகளைப் படித்தே ஊகிக்க வேண்டியிருக்கும்.